நெய்யாத சிலந்தி

சுவர்ணமுகி ஆறு பாகாலாவை அடுத்த குன்றுகளில் தோன்றி, சந்திரகிரியையும் திருப்பதியையும் கடந்து திருக்காளத்திக் கோயிலின் ஓரமாக ஓடிக் கடலை அடைகிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் ஆறு. அதன் கரையிலுள்ள அந்தக் கோயிலின் பெயரில் ஒரு சிலந்தி இருக்கிறது. 'ஸ்ரீ' என்பது சிலந்தி, 'காளம்' என்பது பாம்பு, 'ஹஸ்தி' என்பது யானை எனத் தலபுராணம் பெயரைப் பிரித்துப் பொருள் சொல்லும். இலிங்கத்தின் மேல் நூலால் மண்டபம் கட்டிய சிலந்தி, விளக்கின் சுடர் அதை எரித்தபோது சுடரையே விழுங்கப் பாய்ந்ததாம். தெற்கே திருவானைக்காவில் வேறொரு சிலந்தி. உதிரும் சருகுகள் இறைவன்மேல் விழாதபடி அது விதானம் நெய்தது. அதை அழித்த யானையின் துதிக்கைக்குள் புகுந்து தானும் மாண்டது. மறுபிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது. பெரிய புராணம் இந்தக் கதையை அறுபத்து மூவர் வரிசையில் வைத்துச் சொல்கிறது.

இரண்டு கதைகளிலும் சிலந்தி நெய்கிறது. நெய்வதுதான் அதன் தொண்டு.

பாகாலா தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும் வட்டாரம். காட்பாடியிலிருந்து வரும் தடமும் தர்மாவரத்திலிருந்து வரும் தடமும் அங்கே கூடுவதால் ரயில் சந்திப்பாகவும் இருக்கிறது. அங்கே பேசப்படும் தெலுங்கில் சிலந்திக்குச் 'சாலெ புருகு' என்று பெயர். புருகு என்பது நம் புழுவுக்கு உறவான சொல். சாலெ என்பது நெசவாளரைக் குறிப்பது. தமிழில் சாலியர் என்று வழங்கும் அதே சொல்தான். மதனப்பள்ளிக்கு மேற்கே போனால் கன்னடம் தொடங்கும். அங்கே சிலந்திக்கு 'ஜேட' என்று பெயர். ஜேடர் என்றால் நெசவாளர். வசன இலக்கியத்தின் முன்னோடிகளில் ஒருவரான ஜேடர தாசிமய்யாவின் பெயரில் முன்னால் நிற்பது அவருடைய தறிதான். தமிழ்ச் 'சிலந்தி' இப்படி வெளிப்படையாக நெசவைச் சொல்வதில்லை. கட்டியையும் புண்ணையும்கூடச் சிலந்தி என்பார்கள்; நரம்புச் சிலந்தி என்பது ஒட்டுண்ணிப் புழுவால் வரும் நோய். ஆயினும் சிலந்தி என்றவுடன் தமிழர் மனத்தில் எழுவதும் வலைதான்.

ஆகவே வலை கட்டாத ஒரு சிலந்தி இந்த மொழிகளின் நடுவே வந்து நின்றால், அதை எப்படி அழைப்பது என்ற சிக்கல் எழுகிறது. அப்படி நிற்பவை ஒன்றிரண்டு அல்ல. உலகில் இதுவரை பெயரிடப்பட்ட சிலந்தி இனங்கள் 50,000-க்கும் மேல். அவற்றுள் மிகப் பெரிய குடும்பம் சால்டிசிடே எனப்படும் தாவும் சிலந்திகளுடையது; அதில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. வீட்டுச் சுவரில் வெயில்படும் இடத்தில் அரிசிமணி அளவில் உட்கார்ந்திருக்கும். விரலை அருகே கொண்டுபோனால் ஓடாமல் திரும்பி நம்மைப் பார்க்கும். அந்தப் பார்வையை வைத்தே எவரும் இதை அடையாளம் கண்டுவிடலாம்.

அது உண்மையிலேயே பார்வைதான். எட்டுக் கண்களில் முன்னிரண்டும் பெரியவை. அவற்றின் வில்லை தலையோடு அசையாமல் பொருந்தியிருக்க, உள்ளே நீண்ட குழாய் ஒன்றும் அதன் அடியில் குறுகிய விழித்திரையும் உள்ளன. குழாயின் அடியைத் தசைகள் இப்படியும் அப்படியும் திருப்புகின்றன. சிலந்தி தலையைத் திருப்பாமலேயே காட்சியை வரிவரியாகத் தடவிப் படிக்கிறது. விழித்திரையும் ஒற்றை அடுக்கன்று, நான்கு அடுக்கு. வீடுகளில் சாதாரணமாகக் காணப்படும் ஹசாரியஸ் அடன்சோனி என்ற தாவும் சிலந்தியை வைத்து ஜப்பானிய ஆய்வாளர் தகாஷி நகாதாவும் குழுவினரும் 2012-இல் நடத்திய சோதனை இந்த அடுக்குகளின் பயனை விளக்கியது. ஓர் அடுக்கில் தெளிவாக விழும் உருவம் இன்னோர் அடுக்கில் மங்கலாக விழுகிறது. அந்த மங்கலின் அளவைக் கொண்டே சிலந்தி தூரத்தைக் கணிக்கிறது. பச்சை ஒளியில் சரியாகப் பாய்ந்தவை சிவப்பு ஒளியில் இலக்குக்கு முன்னரே விழுந்தன. பாய்ச்சலுக்கும் தனித் தசை கிடையாது. உடல் நீர்மத்தின் அழுத்தம் சட்டென உயர, மடங்கியிருந்த கால்கள் விறைத்து நீள்கின்றன. பாயும் முன் நின்ற இடத்தில் ஒரு நூலை ஒட்டிவிட்டுத்தான் பாயும். தவறினால் அந்த நூலில் தொங்கிக்கொள்ளும்.

இத்தகைய உயிரைத் தமிழில் எழுதுகிறவர்கள் இன்று 'குதிக்கும் சிலந்தி' அல்லது 'தாவும் சிலந்தி' என்கிறார்கள். இரண்டும் ஆங்கிலப் பெயரின் நேர் பெயர்ப்புகள். பழைய தமிழ் அகராதிகளைப் புரட்டினால் வேறொரு சொல் கிடைக்கிறது: ஈப்புலி. ஈயின்மேல் பாய்ந்து பிடிக்கும் சிலந்தி வகை என்பது பொருள். வலையைப் பற்றி இந்தப் பெயரில் ஒரு குறிப்பும் இல்லை. பதுங்கல், குறிவைத்தல், பாய்தல் மூன்றையும் 'புலி' என்ற ஒரே சொல் ஏற்றுக்கொண்டுவிட்டது. பெயரிட்டவர் யாராயினும் உட்கார்ந்து நெடுநேரம் பார்த்திருக்க வேண்டும், ஏனெனில் இந்தச் சிலந்தி புலியைப் போலவே இரையைச் சுற்றி வளைத்துப் பின்புறமாக அணுகக்கூடியது. சீன மொழியிலும் இதற்குப் பெயர் 'ஈ', 'புலி' என்னும் இரு சொற்களின் சேர்க்கைதான். ஒன்றிலிருந்து ஒன்று கடன் வாங்கியதாகக் கொள்ளத் தேவையில்லை. ஒரே காட்சியை இரு இடங்களில் இருவர் பார்த்திருக்கலாம்.

ஈப்புலி என்ற சொல் இறந்துவிட்டதா? பாடநூல்களில் இல்லை, நாளிதழ்களில் இல்லை, தேடுபொறியில் அரிது. மொழியியலில் இப்படிப்பட்ட சொல்லை 'வழக்கிழந்தது' என்று குறித்துவிடுவது எளிது. ஆனால் பதிவில் இல்லாமை, வழக்கில் இல்லாமை, இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்ளும் பழக்கம் களப்பணிக்கு எதிரானது. அகராதியின் பதிவு ஒருவர் என்றோ கேட்டார் என்பதற்குச் சான்று. அதன் பின் எவரும் கேட்கவில்லை என்பது கேட்காதவர்களைப் பற்றிய செய்தி.

இதே தவறு ஒரு சிலந்திக்கும் நேர்ந்தது. சற்றுப் பெரிய அளவில்.

கிரிசில்லா வோலுபே என்பது அதன் அறிவியல் பெயர். ஏறக்குறைய ஐந்து மில்லிமீட்டர் நீளம். ஆணின் உடலில் செம்மஞ்சளும் மின்னும் நீலமும் பட்டைகளாக ஓடும். கையில் கிடைத்த நகைத்துண்டு என்றே தோன்றும். பேரினப் பெயரின் வேரில் பொன்னைக் குறிக்கும் கிரேக்கச் சொல் இருக்கிறது. வோலுபே பழைய இலத்தீனில் 'இனிதாக' என்ற பொருள் தரும் சொல். 1879-இல் இலங்கைச் சிலந்தியை வைத்து இவ்வினத்துக்குப் பெயரிட்டவர் ஃபெர்டினான்ட் கார்ஷ். பெர்லின் அருங்காட்சியகத்தில் பூச்சிகளையும் சிலந்திகளையும் கவனித்தவர். (மனிதரின் தன்பாலின வாழ்வு பற்றி 1911-இல் பெருநூல் வெளியிட்ட கார்ஷ்-ஹாக் என்பவரும் இவரே. இவருடைய இரண்டு வாசகர் கூட்டங்களும் ஒன்றையொன்று அறியாமல் இருப்பது வியப்பில்லை.)

அதன் பின் 139 ஆண்டுகள் இந்த இனம் அறிவியலில் ஆணாக மட்டுமே இருந்தது. பெண்ணின் முறையான விவரிப்பு 2018-இல்தான் வெளிவந்தது. ஜான் காலேப், ராஜேஷ் சனாப், சுதிகுமார் உள்ளிட்ட ஆறு இந்திய ஆய்வாளர்கள் இந்தியாவில் கிடைத்த சிலந்திகளைக் கொண்டு அதை எழுதினார்கள். இனத்தின் பரவலையும் வாழ்க்கை முறையையும் சேர்த்தே எழுதினார்கள். தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகத்தின் புதர்க்காட்டில் தாவும் சிலந்திகளைத் தேடித் தொடங்கியவர் ஜான் காலேப். சுதிகுமார் இரிஞ்ஞாலக்குடா கிறிஸ்து கல்லூரியைச் சேர்ந்தவர்.

பெண்ணை விவரிக்க இவ்வளவு காலமா என்று கேட்பவர்கள் சிலந்தி வகைப்பாட்டின் நடைமுறையை நினைவில் கொள்ள வேண்டும். சிலந்தி இனங்களைப் பிரித்தறிய நிறம் போதாது. ஆணின் முகத்தருகே உள்ள உணர்கொம்பு போன்ற உறுப்பின் நுனியில் விந்தைச் செலுத்தும் நுண்கருவி உண்டு. பெண்ணின் வயிற்றடியில் அதை ஏற்கும் தகடு உண்டு. ஒவ்வோர் இனத்திலும் இவற்றின் வடிவம் தனி; நுண்ணோக்கியின் கீழ் வரைந்து ஒப்பிட்டுத்தான் முடிவு செய்வார்கள். ஆணையும் பெண்ணையும் தனித்தனியே பிடித்தால் இரண்டும் ஓரினம் என்று சொல்வது கடினம், ஏனென்றால் தாவும் சிலந்திகளில் இரு பாலும் தோற்றத்தில் பெரிதும் வேறுபடும். பெர்னில் உள்ள அருங்காட்சியகம் பேணும் உலகச் சிலந்திப் பட்டியலில் ஒவ்வொரு பதிவின் பக்கத்திலும் ஆணா, பெண்ணா, இரண்டுமா என்ற குறி இருக்கும். ஒற்றைக் குறியோடு பல பத்தாண்டுகளாக நிற்கும் தாவும் சிலந்திகள் அதில் ஏராளம். பாதி அறிந்த இனங்கள் அவை.

எந்தப் பாதி என்பதும் கவனிக்கத்தக்கது. பளபளப்பது ஆண், ஆகவே சேகரிப்பவரின் கண்ணில் முதலில் விழுவதும் அதுதான். ஆனால் அந்தப் பளபளப்பு யாருக்காக? கிரிசில்லாவுக்கு நெருங்கிய உறவான பின்டெல்லா விட்டாட்டாவில், ஆணின் உடல் எதிரொளிக்கும் புற ஊதா ஒளியின் ஒரு பகுதியைப் பெண் பார்த்தே துணையைத் தேர்கிறது என்று 2008-இல் காட்டினார்கள். மனிதக் கண்ணுக்குத் தெரியாத அலைநீளம் அது. தேர்ந்தெடுப்பது பெண், ஆணின் அணிகலன்கள் அதன் தேர்வால் தலைமுறை தலைமுறையாகச் செதுக்கப்பட்டவை. தேர்வு செய்தவளைப் பற்றி ஒரு வரியும் இல்லாமல், தேர்வு செய்யப்பட்டவனின் நிறங்களை மட்டும் 139 ஆண்டுகள் வைத்திருந்தது அறிவியல்.

அதே 2018-இல் வயநாட்டு வனவிலங்குச் சரணாலயத்தில் இந்தச் சிலந்தி காணப்பட்டது. கேரள ஆய்வாளர்களின் அந்தப் பதிவு நாளிதழ்களுக்குப் போனபோது தலைப்பு வேறாகிவிட்டது: 150 ஆண்டுகளாக அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட சிலந்தி மீண்டும் கண்டுபிடிப்பு. இன்றும் இணையத்தில் இந்த இனத்தைத் தேடினால் இந்த வாக்கியமே முதலில் வருகிறது. ஒரு சிறு கழித்தல் போதும். 2018-இலிருந்து 150-ஐக் கழித்தால் 1868. கார்ஷ் பெயரிட்டது 1879. அதாவது பெயர் பெறுவதற்குப் பதினொரு ஆண்டுகள் முன்னதாகவே இந்தச் சிலந்தி அழிந்துபோயிருக்க வேண்டும்!

கணக்கை விடலாம், 'கருதப்பட்ட' என்ற செயப்பாட்டு வினையை விட முடியாது. கருதியது யார்? ஓர் இனம் அழிந்தது என்று அறிவிக்கப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் கடுமையான அளவுகோல் வைத்திருக்கிறது: கடைசி உயிரும் மாண்டது என்பதில் நியாயமான ஐயம் எதுவும் இருக்கக் கூடாது, உரிய இடங்களில், உரிய பருவங்களில் தேடிப் பார்த்திருக்க வேண்டும். அந்த ஒன்றியத்தின் செம்பட்டியல் உலகச் சிலந்திகளில் மிகச் சிறு பங்கையே மதிப்பிட்டிருக்கிறது. இந்த இனத்தைத் தேடித் தேடிக் கைவிட்டவர் எவருமில்லை. தேடல் என்பதே நடந்திருக்கவில்லை. இலங்கை, இந்தியா, நேபாளம், பூட்டான் எனப் பரந்து வாழும் சிலந்தி அது. செய்தியில் செயப்பாட்டு வினை செய்த வேலை, எழுவாயை மறைத்ததுதான். இலக்கணம் படித்தவர்கள் இதைக் கண்டுகொள்ளாமல் போகக் கூடாது.

'மீண்டும் கண்டுபிடிப்பு' என்ற சொல் உண்மையிலேயே பொருந்தும் சிலந்தி ஒன்று இராயலசீமையிலேயே உண்டு. அது தாவும் சிலந்தியன்று. மரப்பொந்தில் வாழும் பெரிய, உரோமம் அடர்ந்த நீலச் சிலந்தி, பொயெசிலோதீரியா மெட்டாலிகா. 1899-இல் போகாக் அதற்குப் பெயரிட்டபோது அது கிடைத்த இடம் கூட்டி, ரயில்வேயின் மரக்கிடங்கு. நூறாண்டுகளுக்குப் பின் அதன் உண்மையான இருப்பிடம் தெரியவந்தது. கூட்டியிலிருந்து வெகு தொலைவில், நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காடு. மரக்கட்டைகளோடு ரயிலேறி வந்த சிலந்தியை, அது இறங்கிய நிலையத்தின் ஊர்க்காரனாகப் பதிவு செய்திருக்கிறார்கள். எஞ்சியிருக்கும் காடு 100 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு என்பதால் 2008-இல் அது மிக அருகிய இனமாக அறிவிக்கப்பட்டது. அந்த நீலம் கண்ணைப் பறிப்பது. உலகெங்கும் சிலந்தி வளர்ப்போர் அதை விரும்புகிறார்கள். விரும்பப்பட்டதால் தேடப்பட்டது, தேடப்பட்டதால் அருகியது என்று தெரிந்தது. பாகாலா போன்ற சந்திப்புகள் வழியாக எத்தனையோ பார்சல்கள் கைமாறிய காலத்தில் எழுதப்பட்ட இடப்பெயர்களை நம்பும் முன் ரயில் வரைபடத்தையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

அரிசிமணி அளவுள்ள சிலந்திக்கு அந்த நல்வாய்ப்பும் இல்லை, அந்த ஆபத்தும் இல்லை. வேறு ஆபத்து உண்டு. சித்தூர் வட்டாரத்தில் கருங்கல்லுக்காகக் குன்றுகள் வெட்டப்படுகின்றன. ஒரு குன்றை வெட்டுமுன் அங்கு வாழும் உயிர்களைப் பட்டியலிடச் சொன்னால், பட்டியலில் ஏறக்கூடியவை பெயருள்ளவையும் எளிதில் அடையாளம் காணக்கூடியவையும்தான்: மயில், முள்ளம்பன்றி, உடும்பு. பாறைச் சரிவின் புல்லில் வாழும் ஈப்புலியின் பெண்ணை அடையாளம் காண எந்த நூலிலும் படமில்லை என்றால், பட்டியல் எழுதுபவர் நேர்மையானவராக இருந்தாலும் அதை எழுத முடியாது. வெற்றுக் கட்டம் 'இல்லை' என்று வாசிக்கப்படும். எழுத்தில்லா மொழிகளுக்கும் இதுதான் நடந்து வந்திருக்கிறது. கணக்கெடுப்பில் 10,000 பேருக்குக் குறைவானோர் பேசும் மொழிகள் இந்திய அட்டவணைகளில் தனிப்பெயர் இன்றி 'பிற' என்ற தலைப்பின் கீழ்ப் போய்விடுகின்றன. அங்கே அவை இறப்பதில்லை. பேசுபவர்கள் மறுநாளும் பேசுகிறார்கள்.

இதில் சங்கடமான ஓர் உண்மையும் உண்டு. இப்போது கைப்பேசிப் புகைப்படங்கள் பெருகிவிட்டன. கல்லூரி மாணவர்களும் ஆசிரியர்களும் எடுக்கும் படங்களால் ஓர் இனத்தின் பரவல் ஒரே பருவத்தில் விரிந்துவிடுகிறது. மதுவில் இட்ட சிலந்தியின் நிறம் நாளடைவில் மங்கிவிடும் என்பதால், உயிருள்ளதன் நிறத்துக்குப் படமே நம்பகமான சான்று. ஆனால் படம் வயிற்றடித் தகட்டைக் காட்டாது. அதைக் காண ஒரு பெண் சிலந்தியாவது குப்பிக்குள் போக வேண்டும். அறியப்படாமை என்ற ஆபத்திலிருந்து இனத்தை மீட்க, ஓர் உயிர் கொல்லப்படுகிறது. வகைப்பாட்டியலர்கள் இதைப் பேசுவது குறைவு. மறுப்பவர்களும் வேறு வழி காட்டியதில்லை. சொற்களைச் சேகரிப்போர் இந்த வகையில் கொடுத்துவைத்தவர்கள். ஈப்புலி என்ற சொல்லை ஒரு பாட்டியிடம் கேட்டு எழுதிக்கொண்டால் பாட்டியிடமும் அது இருக்கும்.

கார்ஷின் இலங்கைச் சிலந்திக்கும் பாகாலாவின் மாந்தோப்புச் சிலந்திகளுக்கும் பொதுவான வழக்கம் ஒன்று இருக்கிறது; சாலெ புருகு என்ற பெயரை முற்றிலும் தள்ளிவிடாமல் காப்பாற்றுவது அதுவே. வேட்டைக்கு வலை கட்டாத ஈப்புலி, இரவில் உறங்க நெய்கிறது. இலையின் மடிப்பிலோ பட்டையின் வெடிப்பிலோ இருபுறமும் வாசல் வைத்த சிறு வெண்பை. தோலுரிக்கவும் அதற்குள்தான் போகும். பெண் முட்டையிடுவதும் அங்கேதான். இட்டபின் பெரும்பாலும் அந்த இடத்தை விட்டு அகலாமல் காவலிருக்கும். ஆண்கள் வெயிலில் நின்று ஆடிக்கொண்டிருக்க, பெண் இலையின் அடிப்புறத்தில், தான் நெய்ததற்குள் இருக்கிறது. தேடுபவர்கள் இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.